ஊரில் சிரித்த இடத்தில் ஸ்கார்பரோவில் அழுகிறார்கள்: எதை வெட்டுவது?

வட்டக்கச்சி_வாய்க்கால் கேட்டது:

வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு படம் எடுத்து முடித்திருக்கிறோம். ஒரு மணி இருபது நிமிடம் ஓடும். கதை எழுதியதும் ஒலி பிடித்ததும் நான். கமரா என் சித்தியின் மகன், கலியாண வீடியோ எடுக்கிறவன். செலவு ஆறரை லட்சம். அதில் இரண்டு லட்சம் என் சீட்டுக்காசு, அம்மாவுக்கு இன்னும் தெரியாது. படத்துக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தோம். ஆனால் ஊரில் எல்லோரும் அதைக் 'கோழிப் படம்' என்றுதான் சொல்கிறார்கள். ஏன் என்று கீழே வருகிறது.

கதை இதுதான். நாற்பது வயதுக்காரர் ஒருவர் இருபது வருடத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து எங்கள் ஊருக்கு, கிளிநொச்சி வட்டக்கச்சிக்கு வருகிறார். தாய் தகப்பன் இல்லை. தகப்பனின் காணி பெர்மிற்றை, அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரத்தை, தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு மூன்று கிழமையில் திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. வந்து பார்த்தால் பக்கத்துக் காணிப் பெண் அவருடைய காணியில் முப்பது கோழி வளர்க்கிறாள். சின்ன வயதில் தெரிந்தவள்தான். முதலில் சண்டை, பிறகு கந்தோர் கந்தோராக ஒன்றாக அலைச்சல், அப்புறம் நீங்கள் நினைக்கிறதுதான். கடைசியில் லீவு முடிந்து அவர் போய்விடுகிறார். அவள் போகவில்லை. பஸ் கிளம்புகிறது, படம் முடிகிறது.

மாசி மாதம், அரிவு வெட்டு முடிந்து சனத்தின் கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருந்த நாளாகப் பார்த்து, பொதுநோக்கு மண்டபத்தில் வெள்ளைச் சேலை கட்டிப் போட்டோம். நூற்றைம்பது பேராவது வந்திருப்பார்கள். பாதிப் பேர் படம் பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் தங்கள் வீடு படத்தில் வருகிறதா என்று பார்க்க வந்தவர்கள்.

நாங்கள் உருகி உருகி எடுத்த காட்சி ஒன்று உண்டு. கதாநாயகன் தன் காணிக்குள் முதன்முதலாகக் காலை வைக்கிறார். சப்பாத்தைக் கழற்றுகிறார். முழங்காலில் இருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முத்தமிடுகிறார். பின்னால் புல்லாங்குழல். அதற்காக நாலு நாள் மாலை வெயிலுக்குக் காத்திருந்தோம். அவர் மண்ணை வாய்க்குக் கிட்டக் கொண்டு போகிற நேரம் பின் வரிசையிலிருந்து ஒரு அப்பு சத்தம் போட்டார்: "தம்பி, பாத்து! கோழிப்பீ கிடக்கும்!" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ஐந்து நிமிடத்துக்கு முன்னாடிதான் அதே இடத்தில் முப்பது கோழியையும் காட்டியிருந்தோம். எழுதிய எனக்கு அது தோன்றவில்லை, அப்புவுக்குத் தோன்றியது. புல்லாங்குழல் யாருக்கும் கேட்கவில்லை.

பம்பலுக்கு வைத்த இடத்தில் நடந்தது வேறு. அவர் அவளிடம் சின்ன வயதுப் படம் ஏதாவது காட்டு என்கிறார். அவள் உள்ளே போய் ஒரு பாஸ்போட் சைஸ் படத்தைக் கொண்டு வருகிறாள். 2009-இல், போர் முடிந்த நேரம், செட்டிகுளம் அகதி முகாமில் ஒரு அட்டைக்காக எடுத்தது. "இதுதான் எங்கட அல்பம், பக்கம் பக்கமாப் புரட்டிப் பாருங்கோ" என்கிறாள். நடித்த பிள்ளை அதை அவ்வளவு முசுப்பாத்தியாகச் சொல்வாள், படப்பிடிப்பில் நாங்கள் சிரித்ததில் மூன்று தரம் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் பாயில் இருந்த இரண்டு மாமிமார் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்கள். இடம்பெயர்ந்து ஓடினதில் எல்லாம் தொலைந்தது. எங்கள் தெருவில் 2009-க்கு முந்திய படம் உள்ள வீடு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் யோசிக்க வேண்டும். இது தெரிந்துதானே எழுதினேன், பிறகு ஏன் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்?

ஒழுங்காகச் சிரித்த இடம் ஒன்றுதான். கதாநாயகன் இரவில் வீடு மாறிப் போய், வேறு யாரோ வீட்டுக் குசினியில் உட்கார்ந்து பாதிப் புட்டைச் சாப்பிட்ட பிறகுதான் கண்டுபிடிக்கிறார். இந்தியன் வீட்டுத்திட்ட வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. எங்கள் ஊர்க்காரர்களே அப்படி மாறிப் போயிருக்கிறார்கள்.

பிறகு ஒரு உறவுக்காரர் மூலம் கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு சின்ன மண்டபத்தில் அதே படத்தைப் போட்டோம். நான் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணை முத்தமிட்டதும் அழுகிறார்கள். அல்பக் காட்சிக்குச் சிரிக்கிறார்கள். அப்படியே தலைகீழ்.

இப்போது ஒரு விழாவுக்கு அனுப்பச் சொல்லி ஒருவர் கேட்கிறார். மண் காட்சியை நீட்டு, அல்பத்தை வெட்டு என்பது அவர் சொல்வது. என் தம்பி இரண்டு வெட்டு வைத்திருக்கலாம் என்கிறான், ஊருக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று. எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

முள்ளியவளையான்:

தங்கச்சி, நீங்கள் காத்தவராயன் கூத்துப் பார்த்ததில்லையா? விடிய விடிய நடக்கும். காத்தான் ஆரியமாலையைப் பார்க்க வேடம் மாறி மாறிப் போகிறபோது சனம் வயிறு குலுங்கச் சிரிக்கும். விடியப்புறம் அவனே கழுமரத்தில் ஏறுவான். அதே சனம் அழும். கையில் அதே பிளேன்ரீ. ஒரே இரவில் இரண்டுக்கும் பழகின ஆட்களுக்குத்தான் நீங்கள் படம் காட்டியிருக்கிறீர்கள். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே அழ வேண்டும் என்று நீங்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, புல்லாங்குழலும் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் மண் காட்சி இருக்கட்டும். புல்லாங்குழலை எடுத்துவிட்டு அந்த அப்புவைப் படத்துக்குள் கொண்டுவாருங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதே வசனத்தைச் சொல்லட்டும். அவரை விட நன்றாகச் சொல்ல எந்த நடிகனாலும் முடியாது.

இன்னொன்று. உங்கள் கதாநாயகன் எந்த ஊர்த் தமிழ் பேசுகிறார்? நான் பார்த்த சின்னப் படங்கள் பலவற்றில் கிளிநொச்சிப் பெடியன் சென்னைத் தமிழில் காதல் சொல்கிறான். அது வந்தால் நான் எழுந்து போய்விடுவேன். 1976-இல் வந்த 'கோமாளிகள்' வானொலி நாடகமாக இருந்து படமானது. எங்கள் பேச்சை வைத்து எங்களைச் சிரிக்க வைக்கலாம் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

வட்டக்கச்சி_வாய்க்கால்:

அண்ணை, பேச்சு எங்கள் பேச்சுத்தான். கதாநாயகன் மட்டும் கோபம் வந்தால் ஆங்கிலம் கலப்பார், அது வேண்டுமென்று வைத்தது. அப்புவைக் கேட்டேன். நடிக்கிறாராம், ஆனால் சம்பளம் காசாக வேண்டாம், இரண்டு கோழி வேண்டுமாம். படத்தில் வந்த கோழிகளில்தான், தானே தெரிவு செய்வாராம்.

எழுதத்தான்_வேணுமா:

மன்னிக்கவும், எனக்கு இந்த உரையாடலே உறுத்துகிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கி, போரில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் ஆயிரக்கணக்கான நாட்கள் கடந்தும் இருந்தார்கள். ஏ9 வீதியால் போகிற ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். அந்த மண்ணில் நின்று கோழியும் காதலும் பம்பலுமா? வெளியில் இருப்பவர்கள் இதைப் பார்த்து, 'அங்கே எல்லாம் சரியாகிவிட்டது, சனம் சந்தோசமாக இருக்கிறது' என்று நினைக்க மாட்டார்களா?

வட்டக்கச்சி_வாய்க்கால்:

நீங்கள் கேட்டது நியாயம். கதை எழுதத் தொடங்கியபோது நான் முதலில் பயந்ததும் இதற்குத்தான்.

என் பெரியம்மாவும் அந்தத் தாய்மாரில் ஒருவர். அண்ணாவின் படம் அவவிடமும் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் பள்ளிக்கூடக் குழுப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தது, அதனால் பக்கத்தில் இன்னொரு பிள்ளையின் தோள்மூட்டு தெரியும். கூட்டத்துக்குப் போகும்போது அதை பொலித்தீனில் சுற்றி எடுத்துப் போவா. அல்பக் காட்சி எங்கேயிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

அவவைப் படம் பார்க்கக் கூப்பிடவே எனக்குத் தயக்கம். தானாக வந்தா. முன் பாயில் இருந்தா. வீடு மாறிப் போகிற காட்சிக்கு மண்டபத்திலேயே அதிகமாகச் சிரித்தது அவதான், இருமல் வந்து தண்ணி கொடுக்க வேண்டியிருந்தது. அல்பக் காட்சியில் என்ன செய்தா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. முடிந்த பிறகு கேட்டேன், எப்படி இருந்தது பெரியம்மா என்று. சொன்னது இவ்வளவும்தான்: "எல்லாம் சரி. ஆனா அவன் பஸ் ஏறிப் போறதுக்கு முன்னம் பெர்மிற்றில பின்னுரித்தை அந்தப் பெடிச்சியின்ர பேருக்கு எழுதிப்போட்டுப் போகச் சொல்லு."

(பின்னுரித்து என்றால் தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று எழுதுவது.) நான் இரண்டு மாதம் தலையை உடைத்து எழுதின முடிவு. காதல் நிறைவேறாமல், கண்ணாடிக்குப் பின்னால் முகம், வாய்க்கால் ஓரம் ஓடும் பஸ். அவ கேட்டது காணியை.

பெரியம்மா மட்டும் அல்ல. அன்றிரவு பெண்கள் பக்கத்தில் படம் முழுக்க ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது: "இவனுக்கு அங்க ஒரு குடும்பம் இருக்குமோ?" கதாநாயகன் சிரித்தாலும் கேட்டார்கள், அழுதாலும் கேட்டார்கள். போன் அடித்தால் "அந்தா, மனுசி" என்றார்கள். நாங்கள் அவரை நல்லவராகத்தான் எழுதினோம். ஆனால் வெளிநாட்டு மாப்பிள்ளை என்று வந்தவரை நம்பி இங்கே எத்தனை பேர் என்ன பட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஸ்கார்பரோவில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பெர்மிற்_அப்பு:

நான் காணி வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன். பிள்ளையின் பெரியம்மா சொன்னது நல்ல யோசனை, ஆனால் சட்டம் விடாது. அதிலேதான் உங்கள் படத்துக்கு முடிவு இருக்கிறது.

குடியேற்றத்திட்டக் காணி பெர்மிற்றுகள் பெரும்பாலும் 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. பெர்மிற் வைத்திருப்பவர் நினைத்தவருக்கெல்லாம் பின்னுரித்து எழுத முடியாது. கணவன் அல்லது மனைவி, இல்லாவிட்டால் அட்டவணையில் சொல்லப்பட்ட இரத்த உறவுகள். பக்கத்துக் காணிக்காரி, கோழி வளர்த்தவள், வேலி காத்தவள், ஒன்றும் செல்லாது. விற்கவும் முடியாது, துண்டாக்கவும் முடியாது, எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும்.

ஆகவே அந்தப் பெண்ணின் பெயருக்கு எழுத வேண்டுமென்றால் ஒரே வழிதான். அவர் அவளைப் பதிவுத் திருமணம் செய்ய வேண்டும். (அவர் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டில்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கனடாக் குடியுரிமை எடுத்திருந்தால் அது வேறு தலையிடி.)

என் மேசைக்கு முன்னால் இதை விளங்கப்படுத்தக் கேட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போன இரண்டு சோடிகளை எனக்குத் தெரியும். ஒரு சோடி பிறகு பலகாரப் பெட்டியுடன் வந்தது. மற்றது வரவேயில்லை.

வட்டக்கச்சி_வாய்க்கால்:

ஐயா, இதை வாசித்துவிட்டு இரவு முழுக்க நித்திரை இல்லை. கந்தோரில் நடக்கிற காட்சி எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் எழுதுவினைஞர் படிவத்தைப் பார்த்து "உறவுமுறை?" என்று கேட்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் "பக்கத்துக் காணி" என்கிறார்கள். அங்கேயே வெட்டிவிட்டோம். எழுதுவினைஞரை இன்னும் ஒரு நிமிடம் பேச விட்டிருக்க வேண்டும்.

குளிரூர்_மச்சாள்:

நான் ஸ்கார்பரோ மண்டபத்தில் இருந்தேன். மண்ணை முத்தமிட்டதற்கு அழுதவர்களில் நானும் ஒருத்தி, அதனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

2014-இல், புகையிரதம் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில், நான் பதினெட்டு வருடத்துக்குப் பிறகு வந்தேன். அதே வேலையைத்தான் செய்தேன். முத்தமிடவில்லை, வெட்கம். ஒரு பட்டர் டப்பாவில் மண்ணை அள்ளி, அதைச் சுற்றி உடுப்பு வைத்துப் பெட்டியில் போட்டேன். பக்கத்தில் முறிகண்டியில் வாங்கின கச்சான் ஒரு கிலோ. இங்கே விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தார்கள். வெளிநாட்டு மண் கனடாவுக்குள் வரக் கூடாது, அது சட்டம். எனக்குத் தெரியாது. அந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் சொன்னார். டப்பாவை வாங்கி ஒரு பெரிய வாளிக்குள் போட்டார், முன்னால் யாரோ போட்ட மாம்பழங்களுக்கு மேலே. கச்சானைத் திருப்பித் தந்தார். வீட்டுக்குக் காரில் வரும் வழியெல்லாம் நான் அழுதுகொண்டே கச்சான் சாப்பிட்டேன். என் மனுசன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அதனால்தான் அன்று எனக்கு உங்கள் புல்லாங்குழல் கேட்டது. ஆனால் நீங்கள் மேலே எழுதினதை வாசித்தபோது, கோழிப்பீ வசனம் மட்டும் மண்டபத்தில் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன் என்று தோன்றியது. அழுதுகொண்டே சிரித்திருப்பேன். எங்களுக்கென்று தனி வெட்டு வேண்டாம். எங்களைக் கண்ணாடிச் சாமானாக நினைக்காதீர்கள்.

அல்பக் காட்சிக்கு நாங்கள் சிரித்தது மட்டும் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அது எங்களுக்கு வெறும் பகிடியாகத்தான் கேட்டது, ஏனென்றால் எங்கள் வீடுகளில் படம் இருக்கிறது. வந்தவர்கள் அல்பத்தைத்தான் முதலில் பெட்டிக்குள் வைத்தார்கள். பிறகும் ஊரிலிருந்து கலியாணம், சாமத்தியவீடு (பூப்பு நீராட்டு விழா), பிறந்தநாள் என்று கடிதத்தோடு படம் வந்துகொண்டே இருந்தது. யோசித்துப் பாருங்கள், உங்கள் ஊரில் இல்லாத உங்கள் ஊர்ப் படங்கள் இங்கே எங்கள் நிலவறைகளில் சப்பாத்துப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன.

கதாநாயகனின் பெட்டிக்குள் ஒன்று இருக்கக் கூடாதா? அவருடைய அக்காவின் சாமத்தியவீட்டுப் படம். அதில் ஒரு மூலையில், யாரும் கவனிக்காத இடத்தில், பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சின்னப் பிள்ளை. அவர் அதை அவளிடம் எப்போது காட்டுவார் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் வேண்டுமானால் என் பெட்டியைத் தேடிப் பார்க்கிறேன்.

முள்ளியவளையான்:

தங்கச்சி, அந்த விழாக்காரருக்கு இனி என்ன பதில் எழுதப் போகிறீர்கள்?

ஒலிப்பெட்டி:

இடையில் ஒரு சின்ன விஷயம். அந்தப் புல்லாங்குழலை இணையத்தில் இருந்து எடுத்திருந்தால் உரிமை பாருங்கள். எங்கள் குறும்படத்துக்கு ஒரு முழு நிமிடம் ஒலியே இல்லாமல் போனது, காட்டுகிற அன்றுதான் தெரியும். அதற்குப் பதிலாக உங்கள் ஊர் ஒலியையே வையுங்கள். வாய்க்கால், உழவு இயந்திரம், கோயில் ஒலிபெருக்கி. நீங்களே ஒலி பிடிக்கிறவர், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வட்டக்கச்சி_வாய்க்கால்:

எல்லோருக்கும் நன்றி. விழாக்காரருக்கு எழுதிவிட்டேன்: மண் காட்சி நீளாது, அல்பம் போகாது, படம் ஒன்றுதான், முடிவு மாறுகிறது, அதற்கு ஆறு கிழமை வேண்டும். அவர் இன்னும் பதில் போடவில்லை. போடாவிட்டாலும் சரி.

புல்லாங்குழல் இணையத்தில் எடுத்ததுதான். தூக்கியாயிற்று. இப்போது அந்த இடத்தில் கோழிச் சத்தம் மட்டும் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி யாரோ தண்ணிப் பம்ப் போடுகிறார்கள். பெர்மிற் ஐயாவின் காட்சியை எழுதிவிட்டேன். எழுதுவினைஞர் சட்டத்தை வாசிக்கிறார், இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், வெளியில் வந்து ஒரு கடையில் பிளேன்ரீ குடிக்கிறார்கள். கலியாணம் என்ற சொல்லை இருவரும் சொல்வதில்லை. அவர் "அப்ப அந்தப் படிவத்தை நிரப்புவமா?" என்கிறார். அவள் "எந்தப் படிவம்?" என்கிறாள். எந்தச் சோடியாகப் போவார்கள் என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பெரியம்மா முடிவு செய்துவிட்டா, அது வேறு கதை.

குளிரூர் மச்சாள் சொன்னபடியே படம் அனுப்பினா. 2003, போர்நிறுத்தத்தில் ஏ9 திறந்திருந்த காலம், ஒரு சாமத்தியவீடு. கனடாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் கமராவில் எடுத்துக் கையோடு கொண்டு போனது. வாழைமரம், கலர்க் கடதாசி, மணவறை. வலது மூலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை, கையில் பாதி கடித்த முறுக்கு. இதைத்தான் படத்தில் பயன்படுத்தப் போகிறோம், அந்த வீட்டாரிடமும் கேட்டாயிற்று.

ஒரே சிக்கல், அந்தப் பிள்ளை யார் என்று தெரிந்தால் அவரிடமும் கேட்க வேண்டும். போனை வாசிகசாலைக்குக் கொண்டு போய்க் காட்டினேன். இதுவரை மூன்று பேர் அது தான்தான் என்கிறார்கள். அதில் ஒருவர் 2003-இல் பத்தாம் வகுப்பு. நேற்று நாலாவதாக ஒருவர் தருமபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போனைக் கேட்டார்.